கேன்சர் சிகிச்சையில் இருப்பவர் சிகரெட்டை நிறுத்த: வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவுக்குக் குரல்வளையில் கேன்சர் என்று பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்று, டாக்டர் ஃபைலை மூடிக்கொண்டே "சிகரெட்டை நிறுத்திருங்க" என்றார். எப்படி நிறுத்துவது, யாரைப் பார்ப்பது என்று எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாற்பது வருடப் பழக்கத்தை அந்தப் பயமே நிறுத்திவிடும் என்று நினைத்தோம். நிறுத்தவில்லை. அடுத்த மூன்று வாரம் வீட்டில் சண்டையும் அம்மாவின் அழுகையுமாகப் போனது. பிறகுதான் இதற்கென்று மருந்து இருக்கிறது, ஆலோசகர் இருக்கிறார், இலவச போன் நம்பர் இருக்கிறது என்பதே தெரிந்தது.

அந்த மூன்று வாரம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு பற்றி இங்கே சொல்வதெல்லாம் நீங்கள் உங்கள் டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காக.

1. "இனி விட்டு என்ன ஆகப்போகுது?" என்பதற்குப் பதிலோடு இருங்கள்

எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். அப்பா "வர்றது வந்திருச்சு கண்ணு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

கரண்ட் (ரேடியேஷன் என்கிற கதிர் சிகிச்சை) வைக்கும்போது கதிர் கட்டியை நன்றாகத் தாக்க, கட்டிக்குள் ஆக்சிஜன் இருக்க வேண்டும். சிகரெட், பீடிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு, கழுத்தில் கரண்ட் வைப்பவர்கள் தொடர்ந்து புகைத்தால் வாய்ப்புண் கடுமையாகும், ஆறவும் நாளாகும். ஆபரேஷன் என்றால் தையல் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும், மயக்க மருந்துக்குப் பிறகு நெஞ்சுச் சளி தொல்லை கொடுக்கும். நுரையீரல் கேன்சருக்குக் கொடுக்கும் எர்லோடினிப் போன்ற மாத்திரைகளின் அளவு, புகைப்பவர்களின் ரத்தத்தில் குறைந்துபோகும்.

ரஷ்யாவில் ஆரம்ப நிலை நுரையீரல் கேன்சர் வந்த, புகைக்கும் பழக்கமுள்ள 517 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோய் தெரிந்த பிறகு நிறுத்தியவர்கள், நிறுத்தாதவர்களைவிட ஏறத்தாழ 22 மாதம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். நோய் வந்த பிறகு விட்டதற்குக் கிடைத்த பலன் இது.

அப்பாவிடம் நான் ஆய்வு எதுவும் சொல்லவில்லை. "35 நாள் கரண்ட் வைக்கப் போறாங்கப்பா. அது முழுசா வேலை செய்யணும்னா உங்க ரத்தத்துல புகை இருக்கக் கூடாதுங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் அவராகவே, "அதுக்கு மருந்து ஏதோ இருக்குதுன்னியே?" என்றார்.

"உங்களாலதான் வந்துச்சு" என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் டிக்கியில் சிகரெட்டைப் பார்த்துவிட்டு அண்ணன் கத்தியதில், அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன்பிறகு எங்களுக்குத் தெரியாமல் பாத்ரூமில் பிடிக்க ஆரம்பித்தார். ஒளித்துப் பிடிப்பவர் டாக்டரிடமும் மறைப்பார். அது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து.

2. மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

டாக்டரிடம் போகும் முன் ஒரு சின்ன நோட்டில் மூன்று நாளைக்கு எழுதிவையுங்கள். எழுதுவது அவராகவே இருந்தால் நல்லது.

ஒரு நாளைக்கு எத்தனை என்பது ஒன்று. பீடி என்றால் கட்டுக் கணக்கில் சொல்லாமல் எண்ணிக்கையில் எழுதுங்கள். "நாளைக்கு ஒரு கட்டு" என்று சொல்லிவிட்டு ஒன்றரைக் கட்டு பிடிப்பவர்கள் நிறைய. அடுத்தது, தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. இந்த ஒரு விவரத்தை வைத்துத்தான் உடம்பு நிகோடினுக்கு எவ்வளவு அடிமைப்பட்டிருக்கிறது என்று கணிக்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் பற்ற வைப்பவருக்கு மருந்து இல்லாமல் விடுவது மிகவும் கஷ்டம். அப்பாவுக்கு ஐந்து நிமிடம்.

எந்த நேரத்தில், எதோடு சேர்த்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலை டீயோடு, சாப்பிட்டவுடன், டாய்லெட் போகும்போது என்று ஒரு வழக்கம் தெரியவரும். ஹான்ஸ், குட்கா, மூக்குப்பொடி, வெற்றிலையோடு புகையிலை என்று வேறு ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

3. எங்கே போவது, என்னென்ன எடுத்துப் போவது

முதலில் உங்கள் கேன்சர் டாக்டரிடமே, "புகைப்பதை நிறுத்த மருந்து வேண்டும், யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். அவரிடம் நேரம் இல்லை என்றால் அங்கேயே இருக்கும் மனநலப் பிரிவுக்கோ நெஞ்சகப் பிரிவுக்கோ எழுதித் தரச் சொல்லுங்கள். "எனக்குப் பைத்தியமா?" என்று அப்பா மனநலப் பிரிவுக்கு வர மறுத்தார். பழக்கத்தை விட மருந்து தருகிற டாக்டர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

சென்னைக்காரர்களுக்கு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் மருத்துவக் கல்லூரியிலும் "டுபாக்கோ செசேஷன் சென்டர்" எங்கே என்று விசாரியுங்கள். தமிழில் கேட்டால் ரிசப்ஷனில் புரியாமல் முழிக்கிறார்கள், இந்தப் பெயரைச் சொன்னால் வழி காட்டுகிறார்கள்.

எங்கும் போக முடியாத நிலை என்றால் 1800-11-2356. இது தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் இல்லை. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். திங்கட்கிழமை விடுமுறை. தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். நிறுத்தப்போகும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு அவர்களே திரும்ப அழைத்துப் பேசுவார்கள். அப்பாவுக்குக் குரல் கம்மியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு நான் பேசினேன், அவர் தலையசைத்தார். அப்படியும் செய்யலாம். இரவிலோ திங்கட்கிழமையிலோ மனசு தாங்காமல் போனால் டெலி-மானஸ் 14416 எந்த நேரமும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள்.

நேரில் போகும்போது கொண்டுபோக வேண்டியவை:

பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, கரண்ட்டும் கீமோவும் எந்தத் தேதிகளில் என்ற அட்டவணை. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. சமீபத்திய ரத்தப் பரிசோதனை, குறிப்பாக கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது). இ.சி.ஜி. இருந்தால் அதுவும். ஆதார், பழைய ஓ.பி. சீட்டு, அப்புறம் நீங்கள் எழுதிய அந்த நோட்டு.

கிரியாட்டினின் எதற்கு என்று எங்களிடம் முதல் முறை யாரும் சொல்லவில்லை. அது இல்லாமல் போனதால் "எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கோயம்புத்தூர் போய் வருவதில் ஒரு நாள் முழுக்கப் போனது.

4. மருந்து: எது யாருக்கு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சாதாரணமாக ஒருவர் சிகரெட்டை விடுவதற்கும் கேன்சர் சிகிச்சையில் இருப்பவர் விடுவதற்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான்.

நிகோடின் சூயிங்கம். 2 மி.கி. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே தருவார்கள். 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். எழுந்து அரை மணிக்குள் புகைப்பவர்களுக்குப் பொதுவாக 4. கடையில் கொடுத்தார்களே தவிர எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லவில்லை. அப்பா அதைச் சாதாரண பபிள்கம் போல மென்று தள்ளியதில் விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "இது விஷம்" என்று துப்பிவிட்டார். சரியான முறை இதுதான்: நாலைந்து தடவை மெதுவாக மெல்ல வேண்டும். காரமோ சுருக்கென்ற உணர்வோ வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். அந்த உணர்வு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, ஜூஸ் கூடாது. அவை வாயில் புளிப்பைக் கூட்டி மருந்தை இறங்க விடாது.

ஆனால் வாய், தொண்டை, கழுத்தில் கரண்ட் வைப்பவர்களுக்கு இது ரொம்ப நாள் ஓடாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய்ப்புண் வந்துவிடும், அப்போது இதை வாயில் வைக்கவே முடியாது. நாங்கள் கரண்ட் ஆரம்பிக்கும் முன்பே பேட்ச்சுக்கு மாறியிருக்க வேண்டும். தெரியாமல் ஒரு வாரம் அவரை வேதனைப்பட வைத்துவிட்டோம்.

நிகோடின் பேட்ச். தோலில் ஒட்டுவது. நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர்களுக்கு வழக்கமாக 21 மி.கி.யில் ஆரம்பித்து ஆறு வாரம், பிறகு 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். தினமும் காலையில் இடம் மாற்றி, முடியில்லாத உலர்ந்த தோலில் ஒட்ட வேண்டும். கரண்ட் வைக்கும் இடத்துத் தோலில் ஒட்டவே கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முன் கழற்றிவிடுங்கள். சில பேட்ச்சில் உலோகத் தாள் இருக்கும், தோல் சுட்டுவிடும். ராத்திரி கெட்ட கனவு வருகிறது, தூக்கம் இல்லை என்றால் படுக்கும் முன் எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். எங்களுக்குக் கழற்றச் சொன்னார்கள், அதன்பிறகு தூங்கினார். கழற்றியதை மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத குப்பையில் போடுங்கள்.

"நிகோடினே கேன்சர் தருமே, அதையே ஒட்டுவதா?" என்று சித்தப்பா கேட்டார். கேன்சர் தருவது புகையிலும் புகையிலையிலும் உள்ள மற்ற ரசாயனங்கள். நிகோடின் அடிமைப்படுத்துவதோடு சரி. ஆனாலும் சதையை எடுத்து வேறு இடத்தில் ஒட்டும் பெரிய ஆபரேஷன் என்றால் பேட்ச் பற்றி சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிலர் அதையும் முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வாரனிக்லின் மாத்திரை. சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதது. குறைந்த அளவில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் கூட்டி, மொத்தம் 12 வாரம். குமட்டல் வரும், கீமோவிலும் குமட்டல் வரும். எதனால் என்று குழம்பிப்போவீர்கள், அதனால் கீமோ தேதிகளைச் சொல்லியே வாங்குங்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் கீமோ சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கிரியாட்டினின் கேட்டது இதற்குத்தான்.

பியூப்ரோபியான். இதுவும் புகைப்பதை நிறுத்தத் தரும் மாத்திரைதான். வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. கேன்சர் மூளைக்குப் பரவியிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். மார்பகக் கேன்சருக்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தின் வேலையை இது குறைத்துவிடும். எனவே மாத்திரை அட்டைகளைக் காட்டாமல் இதை வாங்காதீர்கள்.

இன்னொன்று. புகையை நிறுத்தியதும் சில மருந்துகள் உடம்பில் முன்பைவிட அதிக நேரம் தங்கும். மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலின், குமட்டலுக்குத் தரும் ஓலன்சபின் இரண்டும் இந்த வகை. நிறுத்திய தேதியை டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்ற வேண்டுமா என்று பார்ப்பார்கள். காபியும் அப்படித்தான். அதே நாலு கப் குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். பாதியாகக் குறையுங்கள்.

5. தேதி குறிப்பது

"நல்ல நாள் பார்த்து விடுறேன்" என்பதில் நாட்கள் ஓடிவிடும். சிகிச்சை அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நாளோடு முடிச்சுப் போடுங்கள். கழுத்தில் கரண்ட் வைக்கும் முன் கெட்ட பற்களைப் பிடுங்குவார்கள். பிடுங்கிய இடம் ஆறும்வரை புகைக்கவே கூடாது. நாங்கள் அந்த நாளைத்தான் எடுத்துக்கொண்டோம். வாயில் பஞ்சோடு வந்த மனிதருக்கு முதல் நாள் தானாகவே கடந்தது.

ஆபரேஷன் என்றால் நாலு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. அவ்வளவு நாள் இல்லையென்றால் இருக்கிற நாளில் நிறுத்துங்கள். ஒரே நாள் நிறுத்தினாலும் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு நன்றாகக் குறைந்துவிடும். இதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கேட்காதீர்கள். மாத்திரை என்றால் நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரமாவது முன்பே ஆரம்பிக்க வேண்டும். பேட்ச் அன்றைக்குக் காலையிலேயே ஒட்டலாம்.

பேட்ச் எல்லாக் கடையிலும் இருக்காது. எங்களுக்கு வரவழைத்துத் தர மூன்று நாள் ஆனது. அடுத்த பாக்கெட்டை, முதல் பாக்கெட்டில் நாலு மிச்சம் இருக்கும்போதே சொல்லிவையுங்கள்.

6. வீட்டையும் ஆஸ்பத்திரி வாசலையும் தயார் செய்யுங்கள்

முந்தின நாள் ராத்திரி சட்டைப் பை, டிக்கி, பரண், பூஜை அறைத் தீப்பெட்டி வரை எல்லாம் பாருங்கள். அவரையும் கூட வைத்துக்கொண்டு எடுப்பது நல்லது, திருடுவதுபோல எடுத்தால் கோபம் வரும். வீட்டில் வேறு யாராவது புகைத்தால் அவர்கள் வீட்டுக்குள்ளும் அவர் எதிரிலும் பிடிப்பதில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் ஒத்துக்கொண்டான். பார்க்க வரும் பங்காளிகளிடமும் சொல்லிவையுங்கள்.

வீட்டைவிட மோசமான இடம் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் டீக்கடைதான். கரண்டுக்குக் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். நாங்கள் ஃபிளாஸ்க்கில் மோரும் கஞ்சியும் கொண்டுபோய் உள்ளேயே உட்கார்ந்தோம்.

வீட்டில் ஆக்சிஜன் மெஷினோ சிலிண்டரோ வைத்திருந்தால், அந்த அறையில் யாரும், எதையும் பற்றவைக்கக் கூடாது. ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருக்கும்போது புகைத்தால் முகம் வெந்துவிடும். விளக்கும் ஊதுவத்தியும்கூட வேறு அறையில்.

இரண்டு பொறிகள். ஒன்று, வெளிநாட்டிலிருந்து யாராவது இ-சிகரெட் வாங்கி வந்து "இது பாதுகாப்பு" என்பார்கள். இந்தியாவில் 2019 முதல் அதை விற்பதும் இறக்குமதி செய்வதும் தடை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ஒன்றை சிகிச்சை நடுவில் உள்ளே இழுக்க வேண்டாம். இரண்டு, "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடிகள். கீமோவில் ஈரலும் சிறுநீரகமும் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைக் கொடுக்காதீர்கள். தெரியாமல் கொடுத்தது தெரிந்தால் நீங்கள் தரும் கஞ்சியைக்கூட அவர் நம்பமாட்டார்.

7. முதல் இரண்டு வாரம்

இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். எரிச்சல், அழுகை, தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் வரும். இருமலும் சில நாள் கூடலாம். இரத்தம் கலந்து வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ "சிகரெட் விட்டதால்" என்று நினைத்து உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புகைக்க வேண்டும் என்ற வெறி வந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடம் இருக்கும், பிறகு தானாக இறங்கும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்த அப்பா வாசல் வரை நடந்துவிட்டு வருவார், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பார். கிராம்பு, ஏலக்காய் என்று ஊரே சொல்லும். வாய்ப்புண் உள்ளவர்களுக்கு அது எரியும், வேண்டாம். காலை டீ நேரம்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அம்மா டீயை நிறுத்திவிட்டு ராகிக் கஞ்சி கொடுத்து, அந்த நேரத்தில் அவரைக் குளிக்க அனுப்பிவிடுவார். நோட்டில் நேரம் குறித்து வைத்ததன் பயன் அப்போதுதான் தெரிந்தது.

8. செலவு

ஆலோசனைக்கு அரசு மருத்துவமனையிலும் போனிலும் காசு இல்லை. நிகோடின் மருந்துகள் 2022 முதல் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் அரசு மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வெளியில் வாங்குங்கள்.

நாங்கள் வெளியில்தான் வாங்கினோம். பேட்ச் வாரத்துக்கு ஏறத்தாழ 550 ரூபாய், மாதம் 2,200. சூயிங்கம் பத்து உள்ள அட்டை 100 ரூபாய் சுற்று. அப்பா நாளைக்குப் பதினைந்து சிகரெட், ஒன்று 10 ரூபாய் என்றால் மாதம் 4,500 ரூபாய். இந்தக் கணக்கை அம்மாதான் காலண்டர் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993. கரண்ட், கீமோ செலவுக்கு இது எங்களைக் காப்பாற்றியது. கடையில் வாங்கிய பேட்ச் அதில் வரவில்லை, எனவே அந்தப் பணத்தைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

9. தவறி ஒன்று பிடித்துவிட்டால்

பதினெட்டாம் நாள் அப்பா பிடித்துவிட்டார். கூட கரண்ட் வைத்துக்கொண்டிருந்தவர் இறந்துபோன நாள் அது. அவரே வந்து சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை, டாக்டருக்குச் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன்.

ஒன்று பிடித்தால் பேட்ச்சைக் கழற்றிவிட்டு "எல்லாம் போச்சு" என்று விடாதீர்கள். மருந்தைத் தொடருங்கள், அன்றைக்கே ஆலோசகரிடம் பேசுங்கள். எங்களுக்குப் பேட்ச்சோடு இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

சிகிச்சை முடிந்து செக்கப் போகும் ஒவ்வொரு முறையும் புகைப் பழக்கம் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். டுபாக்கோ பிரிவில் கார்பன் மோனாக்சைடு ஊதிப் பார்க்கும் கருவி இருந்தால் கேட்டு ஊதச் சொல்லுங்கள். குழாயில் ஊதினால் எண் திரையில் தெரியும். முதல் முறை அப்பாவுக்கு 19 காட்டியது, மூன்றாம் மாதம் 2. அந்தச் சீட்டை வாங்கி அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், முன்பு சிகரெட் பாக்கெட் இருந்த அதே பையில்.